மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, என் கை எரிந்துகொண்டிருந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் ஆறுதலுக்காக எழுதவில்லை. நோயிலிருந்து எழும்பி எழுதுகிறவர்கள் இறைவனுக்கும் டொக்டர்மாருக்கும் நன்றி சொல்லித் தொடங்குவார்கள். இறைவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அது எனக்கும் அவனுக்கும் இடையில் உள்ளது. டொக்டர்மாருக்குச் சொல்ல வேண்டியது வேறு. என் சிறுநீரகத்தைக் காப்பாற்றிய அதே வார்டில்தான் என் வலது கை பழுதானது. இரண்டும் உண்மை. ஒன்றுக்கு நன்றி சொல்லி மற்றதை விழுங்கிவிடு என்று யாரும் இனி என்னிடம் வர வேண்டாம்.

என் பெயர் ஜெசீமா. கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு அபாயா அங்கி தைத்துக் கொடுக்கிறேன். என் கணவர் நவாஸ் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையின் லொறி ஓட்டுகிறார். சண்டைக்குப் போகாத மனிதர். கடையில் மீதிக்காசு குறைத்துக் கொடுத்தாலும் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வார்.

பெருநாள் தையல் குவிந்து கிடந்த நேரம். முதுகின் ஒரு பக்கம், விலாவுக்குக் கீழே, யாரோ முழங்கையால் அழுத்துவதுபோல நோவு. மெஷினில் குனிந்து இருப்பதால் வருகிறது என்று நினைத்தேன். பிறகு காய்ச்சல் வந்தது, காய்ச்சலோடு குளிர். பற்கள் அடித்துக்கொண்டன. வீட்டில் இருந்த போர்வையெல்லாம் போதாமல், வெட்டாமல் வைத்திருந்த அபாயாத் துணியையும் எடுத்து நவாஸ் என் மேல் போட்டார். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. வயிற்றாலும் போகத் தொடங்கியது. விடிந்ததும் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கள் கரையோரத்து ஆஸ்பத்திரிகளில் ஒன்று. பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற ஆஸ்பத்திரிகளில் உள்ளவர்கள், தங்களிடம் அப்படி நடக்காது என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

வெளிநோயாளர் பிரிவின் வாங்குப் பலகையில் என் தங்கை சிபானாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தேன். என் முன்னால் இருமுகிறவர்கள், அழுகிற பிள்ளைகள், எக்ஸ்ரே உறையை விசிறியாக்கி வீசுகிறவர்கள். சலம், அதாவது சிறுநீர், எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் குளிர்ந்த களிம்பு பூசி ஸ்கேன் பார்த்தார்கள். சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கிறது என்றார் இளம் டொக்டர். கீழே சலப்பையில் தொடங்குகிற தொற்று மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டால் இப்படித்தான் குளிரும் வாந்தியும் வருமாம். குளிசை விழுங்கினாலும் வாந்தியோடு வெளியே வந்துவிடும் என்பதால், மருந்தை நேராக இரத்தத்தில் ஏற்ற வேண்டும். வார்டில் சேருங்கள் என்றார்.

வார்டில் என் கையில் கனூலா போட்டார்கள். பலரும் அதை ஊசி என்று நினைக்கிறார்கள். ஊசி அல்ல. ஊசியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று உறைபோல ஏறியிருக்கும். ஊசி தோலைத் துளைத்து இரத்த நாளத்துக்குள் போனதும் அதை உருவி எடுத்துவிட்டு, குழாயை மட்டும் உள்ளே விட்டுவிடுவார்கள். வெளியே நிற்கும் அதன் வாயில் சேலைன் குழாயைப் பூட்டி, மேலே பிளாஸ்டர் ஒட்டுவார்கள். குழாயின் நுனி நாளத்துக்குள் இருக்கும்வரை எல்லாம் சரி. நுனி விலகி, நாளத்தின் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிட்டால், மருந்து இரத்தத்தில் சேராமல் தோலுக்கு அடியில் சதைக்குள் போய்த் தேங்கும். வெறும் உப்புத் தண்ணீர் என்றால் கை வீங்கிப் பிறகு வற்றும். வேறு சில மருந்துகள் சதையைச் சுட்டுவிடும். இது எதுவும் எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குத் தெரியும்.

வாந்தியில் உடம்பு வற்றி நாளங்கள் ஒட்டிப்போய் இருந்தன. இடது கையில் குத்திக் குத்திப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. மிஸி வலது கையைப் பிடித்தாள். எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம்; அவர்கள் எங்களை ராத்தா, அக்கா என்பார்கள்.

“வலது கை வேணாமே மிஸி. தைக்கிற கை.”

“வேற நரம்பு அம்புடுது இல்ல ராத்தா. ரெண்டு மூணு நாள்தானே.”

மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பெருவிரல் பக்கம் போட்டாள். என் சட்டைக் கை நீளமானது, மணிக்கட்டில் இறுக்கமானது. கனூலாவின் மேல் அது உரசியது. சிபானாவிடம் சொல்லி, சட்டைக் கையின் தையலை முழங்கைவரை பிரிக்கச் செய்தேன். தையற்காரிக்குச் சட்டையைப் பிரிப்பது ஒரு பொருட்டா? பிரித்த துணி இரண்டு பக்கமும் தொங்க, என் கை முழங்கையிலிருந்து விரல்வரை திறந்து கிடந்தது. இதை நினைவில் வைத்திருங்கள் என்று சொல்ல வேண்டிய நிலைமை வரும் என்று அப்போது நான் எண்ணவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பாண்டிருப்பைச் சேர்ந்த யோகராணி அக்கா. தபாற்கந்தோரில் வேலை. சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் காலில் ஆறாத புண். முதல் நாளே எங்களுக்குள் பிடிக்கவில்லை. என்னைப் பார்க்க உம்மா, மாமி, சாச்சி, அவர்களுடைய பிள்ளைகள், அயல்வீட்டார் என்று கூட்டமாக வந்து என் கட்டிலையும் தாண்டி அவ கட்டிலிலும் சாய்ந்து நின்றார்கள்.

“கல்யாண வீடா கா இது?” என்று அவ எல்லாருக்கும் கேட்கச் சொன்னா. “மனிசர் படுக்க வேணாமா?”

என் மாமிக்கு முகம் கறுத்தது. நானும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலும் எங்களுக்குள் பேசாத சண்டை ஒன்று நடந்தது.

மருந்து ஏறக் குளிர் விட்டது. ஆனால் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. பொட்டாசியம் என்பது இரத்தத்தில் உள்ள ஓர் உப்பு. இதயம் ஒழுங்காக அடிப்பதற்கு அது வேண்டும். வாந்தியிலும் வயிற்றோட்டத்திலும் போய்விட்டது. அதைச் சேலைனில் கலந்து, மெதுவாக, அளவு பிசகாமல் ஏற்ற வேண்டும். அதற்காக ஒரு மெஷின் கொண்டுவந்து கம்பியில் பூட்டினார்கள். சின்னப் பெட்டி. இவ்வளவு நேரத்துக்கு இவ்வளவு என்று இலக்கம் அழுத்தினால், அது தானே தள்ளிக்கொண்டிருக்கும். பச்சை விளக்கு ஒன்று மின்னும்.

கொஞ்ச நேரத்தில் எரிச்சல் தொடங்கியது. மிளகாய் அரைத்த கையைப்போல. மிஸியைக் கூப்பிட்டேன்.

“இது எரியிற மருந்துதான் ராத்தா. கொஞ்சம் பொறுங்க.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. பொட்டாசியம் சரியாக ஏறினாலும் எரியும். அதனால்தான், எரிகிறது என்று ஒருத்தி சொன்னால் அவள் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவள் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

எரிச்சல் கூடியது. கனூலாவுக்கு மேலே தோல் தடித்து வெளுத்து வந்தது. விரல்கள் குளிர்ந்தன. மெஷின் ஒருதரம் கீச்சென்று கத்தியது. மிஸி ஓடிவந்தாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

“பாருங்க மிஸி, வீங்கி இரிக்கி. இந்தா, இதப் பாருங்க.”

அவள் பார்த்தாள். பார்த்தாள் என்பதை எந்த இடத்திலும் சத்தியம் செய்வேன். அவள் கண் என் கையில் பட்டது; பிறகு பெட்டிக்குப் போனது. ஒரு பொத்தானை அழுத்தினாள். கத்தல் நின்றது. பச்சை விளக்கு மின்னியது.

“மெஷின் ஓடுதே. மருந்து போகுதுதானே. ஓடாட்டித்தான் பிரச்சின.”

மருந்து போய்க்கொண்டுதான் இருந்தது. எங்கே போகிறது என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. இதைப் பின்னாளில் சத்திரசிகிச்சை டொக்டர் எனக்கு விளக்கினார்: தள்ளுகிற இடத்தில் கடுமையான தடை இருந்தால்தான் அது கத்தும், தோலுக்கு அடியில் உள்ள சதை மெத்தென்று இருப்பதால் தள்ளத் தள்ள வாங்கிக்கொள்ளும், பெட்டி எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பெட்டிக்கு இது தெரியாமல் இருப்பதில் எனக்குக் கோபம் இல்லை. வாயுள்ள மனுசி ஒருத்தி கையைக் காட்டிச் சொல்கிறாள். வாயில்லாத பெட்டியை நம்பினார்கள். அதில்தான் கோபம்.

பகல் பார்வையாளர் நேரத்துக்கு நவாஸும் மாமியும் வந்தார்கள். என் கை அப்போது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே பன்னு மாதிரி உப்பி இருந்தது. நவாஸைப் பார்த்து அழுதேன்.

“மச்சான், போய்ச் செல்லுங்க. கழட்டச் செல்லுங்க. எனக்கு ஏலாது.”

அவர் மிஸியின் மேசைக்குப் போனார். திரும்பி வந்தார்.

“பார்க்கிறாங்களாம்.”

“எப்ப?”

“சத்தம் போடாத புள்ள. நாம அவங்கட கையிலதானே இரிக்கிறம். கோபம் வந்திச்செண்டா பிறகு நம்மளக் கவனிக்க மாட்டாங்க.”

மாமி என் தலையைத் தடவினா. “சபூர் செய் மகள். நோய் பாவத்தக் கழுவும்.”

என் மாமி நல்ல மனுசி. ஆனால் அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. சபூர் என்பது நோயைத் தந்தவன் முன்னால் நான் காட்ட வேண்டிய பொறுமை. கையைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கு நான் கொடுக்க வேண்டிய சலுகை அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி, பெண்களுடைய வாயில் திணித்துப் பழகிவிட்டோம்.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து யோகராணி அக்கா எழும்பி உட்கார்ந்தா.

“மிஸி! இந்தப் புள்ளட கைய ஒருக்கா வந்து பாருங்க. சரியில்லக் கா இது.”

“நீங்க உங்கட கட்டிலப் பாருங்க அக்கா” என்று மேசையிலிருந்து பதில் வந்தது.

அந்திக்கு வந்த இளம் டொக்டர்தான் கண்டுபிடித்தார். வேறு யாருக்கோ மருந்து எழுத வந்தவர், போகிற போக்கில் என் கையைப் பார்த்து நின்றார். ஒரு விரலால் தொட்டார். அவர் முகம் மாறியது. மெஷினை நிறுத்தினார். கனூலாவில் சிறிஞ்சைப் பூட்டி, உள்ளே தேங்கியதில் எடுக்கக்கூடியதை இழுத்து எடுத்தார். பிறகு குழாயைக் கழற்றி, கையை உயர்த்திக் கட்டச் சொன்னார். வீக்கத்தின் ஓரத்தைப் பேனையால் சுற்றிக் கோடு போட்டார், கூடுகிறதா என்று பார்க்க.

“எவ்வளவு நேரமா நோகுது?” என்று கேட்டார்.

“மெஷின் போட்டதில இரிந்து.”

“ஏன் சொல்லல்ல?”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் சொன்னது: “சொன்னா. நாள் முழுக்கச் சொன்னா.”

அடுத்த நாள் தோலில் கொப்புளம் எழும்பியது. பிறகு சாம்பல் நிறம். பிறகு நடுவில் கறுப்பு. கறுத்த இடத்தைத் தொட்டால் நோவே இல்லை. நோவு இல்லாதது நல்லது என்று நினைத்தேன். உயிர் இல்லாத தோல் நோகாது என்று பிறகு தெரிந்தது.

பெரிய டொக்டர் பரிவாரத்தோடு வார்டுக்கு வந்தார். படிக்கிற பிள்ளைகள், மிஸிமார், இளம் டொக்டர் எல்லாரும் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நவாஸும் நின்றார். பெரிய டொக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். யார் அன்று வேலையில் இருந்தது என்று கேட்டார். மிஸிமார் கோப்புகளைப் புரட்டினார்கள். அவர் என்னைப் பார்த்து, கனிவான குரலில்தான் சொன்னார்:

“நம்மட பொம்புளையள் கைய மூடிக்கொண்டே படுக்கிற. உள்ளுக்க என்ன நடக்குது எண்டு மிஸிமாருக்கு எப்படித் தெரியும்? வெக்கப்படாமக் காட்டி இரிக்கணும்.”

நம்மட பொம்புளையள்! அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர்தான். அந்த ‘நம்மட’ என்ற சொல்லால் என்னைத் தன் வீட்டுப் பெண்ணாக்கி, அதே மூச்சில் குற்றத்தை என் மேல் போட்டார். படிக்கிற பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது. நாளை அவர்கள் டொக்டர் ஆவார்கள். கறுத்துப்போன கை ஒன்றைக் கண்டால் சட்டையைத் தேடுவார்கள்.

தையல் பிரித்த சட்டைக் கை என் முழங்கையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. நவாஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் வாழ்க்கையில் ஒரு மனிதரை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிய நாள் அதுதான். யாரை என்று சொல்ல மாட்டேன்.

என்னைச் சத்திரசிகிச்சை வார்டுக்கு மாற்றினார்கள். செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து, கட்டு மாற்றும்போது பார்த்தேன். பெருவிரலை அசைக்கிற நாண் ஒன்று, நனைந்த வெள்ளை நூல்போல, வெளியே தெரிந்தது. நூலோடு வாழ்கிறவள் நான். அதற்குப் பிறகு கட்டு மாற்றும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புண் சுத்தமானதும் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துக் கையில் ஒட்டினார்கள். கையைவிடத் தொடை நொந்தது. சீவி எடுத்த இடத்தில் துணி பட்டாலே உயிர் போகும்.

அந்த நாட்களில் என்னைத் தாங்கியவர்களையும் சொல்ல வேண்டும். பெருநாள் தையல்களைச் சிபானா வீடு வீடாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள். கொண்டுபோன வீடுகளில் சில, துணியை வாங்காமல், சுகமாகித் தைத்துத் தரட்டும் என்று அனுப்பின. நவாஸ் எனக்குச் சீப்பால் தலை இழுக்கப் பழகினார். முக்காட்டுக்கு ஊசி குத்தப் பழகினார். முதல் நாள் என் நாடியிலேயே குத்திவிட்டார். சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அவரோடு நான் பேசாமல் இருந்தேன்.

மெஷினைப் பார்த்த அந்த மிஸியும் வந்தாள். வேலை முடிந்து, சீருடை மாற்றி, சாதாரண உடுப்பில் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அப்போதுதான் அவள் எவ்வளவு சின்னவள் என்று தெரிந்தது.

“அண்டைக்கு நான் மட்டும்தான் ராத்தா. மற்ற மிஸி வரல்ல. பக்கத்து வார்ட்டையும் பார்க்கச் சொல்லியிருந்தாங்க. மெஷின் ஓடினதால நான்... மன்னிச்சிருங்க.”

எத்தனையோ மிஸிமார் வெளிநாடு போய்விட்டார்கள், இருக்கிறவர்கள் தலைக்கு மேல் வேலை பார்க்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அவள் சொன்னதை நம்பினேன்.

“நான் காட்டினனா இல்லையா?” என்று கேட்டேன்.

“காட்டினீங்க.”

“அத அந்தப் பெரிய டொக்டர்ட்டச் செல்லுவீங்களா?”

அவள் அழுதுகொண்டு போய்விட்டாள். மன்னிப்பை நான் கொடுக்கவில்லை. தனியாக வந்து என் காதுக்கு மட்டும் சொல்கிற உண்மை எனக்கு என்னத்துக்கு?

வீட்டுக்கு வந்த பிறகு கையைப் பழக்கும் பயிற்சி தொடங்கியது. ரப்பர் பந்தை அமுக்கு, பெருவிரலை மடக்கு, நீட்டு. ஒட்டிய தோல் இறுகி இழுத்தது. கத்தரிக்கோலைப் பிடித்தால் விரல் பாதி வழியில் நின்றது. பார்க்க வந்தவர்கள் கதிரையில் அமர்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ், கை தப்பிச்சிதானே” என்றார்கள். பிறகு மெல்லக் கேட்டார்கள்: “கைய மூடி வெச்சிருந்தீங்களாமே?”

அந்தக் கதை ஊருக்குள் வந்துவிட்டது. பெரிய டொக்டர் சொன்னதை யாரோ கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். என் கை கறுத்ததற்கு என் வெட்கம் காரணமாகிவிட்டது. அன்று நான் முடிவெடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான மருத்துவ அத்தியட்சகரைச் சந்திக்க நேரம் கேட்டேன். அலைக்கழித்தார்கள். திரும்பத் திரும்பப் போனேன். கடைசியில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார்கள்.

பாண்டிருப்புக்குப் போய் யோகராணி அக்காவின் வீட்டைத் தேடிப் பிடித்தேன். அவ காலை உயர்த்தி வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தா. விஷயத்தைச் சொன்னேன்.

“நான் வரணுமா?”

“வந்தா நல்லம் அக்கா. நான் செல்றத நம்புறாங்க இல்ல.”

அவ டிவியை நிறுத்தினா. “அந்த ஆஸ்பத்திரியிலதான் நான் இன்னும் கிழமைக்கிழமை புண் கட்டப் போறன். அவங்களப் பகைச்சா எனக்குத்தான் கரைச்சல்” என்றா. பிறகு, “எத்தின மணிக்கு?” என்று கேட்டா.

அன்று அவ நொண்டி நொண்டி ஓட்டோவிலிருந்து இறங்கி வந்தா. நவாஸும் வந்தார், நான் கூப்பிடவில்லை. அறையில் அத்தியட்சகரும் பெரிய டொக்டரும் இருந்தார்கள். தேத்தண்ணி தந்தார்கள். நான் தொடவில்லை.

“இப்படியான விஷயம் எந்த ஆஸ்பத்திரியிலயும் நடக்கக்கூடியது தங்கச்சி” என்றார் அத்தியட்சகர்.

“நடக்கட்டும் சேர். நடக்கக்கூடியது எண்டு தெரிஞ்சா, தொட்டுப் பார்க்க வேணாமா?”

பெரிய டொக்டர் தொடங்கினார். “மெஷின் ஓடிக்கொண்டிருந்தா மிஸிமாருக்கு விளங்காது. கையும் மூடி இரிந்தா—”

“கை மூடி இருக்கல்ல” என்றா யோகராணி அக்கா.

இருவரும் அவவைப் பார்த்தார்கள்.

“நான் பக்கத்துக் கட்டில். நான் இவக்கு வக்காலத்து வாங்க வரல்ல. இவட சனக்கூட்டத்தால எனக்கு நித்திரையே இல்ல. ஆனா கண்டதச் சொல்லணும். வந்த அண்டைக்கே இவட தங்கச்சி சட்டைக் கைய முழங்கை மட்டும் பிரிச்சிட்டா. நூல் என்ட கட்டிலுக்குக் கீழ கிடந்திச்சி. இவ கையத் தூக்கித் தூக்கிக் காட்டினா. மிஸி பார்த்தா. நானும் கூப்பிட்டன். என்னை என்ட கட்டிலப் பார்க்கச் சொன்னாங்க.”

அப்போது நவாஸ் பேசினார்.

“டொக்டர், நானும் இவக்கு வாய மூடச் சொன்னன். உங்களுக்குக் கோபம் வந்துரும் எண்டு பயத்தில சொன்னன். அண்டைக்கு நீங்க எல்லாருக்கும் முன்னால சொன்ன நேரமும் நான் பேசாம நிண்டன். அவ காட்டினா டொக்டர். எனக்கும் காட்டினா.”

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு, அதிகாரம் உள்ள ஒருவர் முன்னால் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பெரிய டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “நடந்ததுக்கு வருத்தப்படுறன்” என்றார்.

“வருத்தம் எனக்கும் இரிக்கி டொக்டர். நான் கேக்கிறது அது இல்ல. நான் காட்டினனா, காட்டல்லையா?”

“கவனிக்கப்படாம விட்டிருக்குது.”

“யார் கவனிக்கல்ல?”

அவர் என் கையைப் பார்த்தார். அன்று கட்டு இல்லை. ஒட்டுப் போட்ட தோல், பழைய துணியில் வைத்த ஒட்டுப்போல நிறம் மாறி, சுருங்கித் தெரிந்தது.

“நீங்க காட்டினீங்க” என்றார். “நாங்க பார்க்கல்ல. உங்கட சட்டையச் சொன்னது பிழை.”

அதை வார்டில் வந்து, எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள் என்றேன். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அங்கே அன்று இருந்த நோயாளிகள் இப்போது இல்லை, படிக்கிற பிள்ளைகளும் மாறிவிட்டார்கள், என்ன பயன் என்றார். என் பெயரைக் கெடுக்க ஒரு வார்டு தேவைப்பட்டது. அதைத் துடைக்க ஒரு மூடிய அறை போதும் என்று நினைக்கிறார்கள். அத்தியட்சகர் மட்டும் ஒன்று சொன்னார்: மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், வேலை மாறுகிற ஒவ்வொரு நேரமும் மிஸிமார் கனூலா போட்ட கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நோகிறதா என்று கேட்க வேண்டும் என்று கட்டளை போடுவாராம். போட்டார் என்று பிறகு அறிந்தேன்.

என் கை பழைய கை இல்லை. நேர்த் தையல் வருகிறது. மணி வைத்துத் தைக்கிற வேலையைச் சிபானாவிடம் கொடுத்துவிட்டேன். நவாஸோடு பேசுகிறேன். கோபம் ஆறிவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. அது ஆறக்கூடாது என்றும் நினைக்கிறேன். இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான்: குழாய் போட்ட இடம் எரிந்தால், வீங்கினால், வெளுத்தால், குளிர்ந்தால், நிறுத்திக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சத்தம் போடுங்கள். அவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். கோபம் தீரும், தோல் திரும்ப வராது.

யோகராணி அக்காவுடைய புண் இன்னும் ஆறவில்லை. கிழமைக்கிழமை மருந்து கட்டப் போகிறா. போகும்போதெல்லாம் அந்த வார்டுக்குள்ளும் ஒருதரம் நொண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் எடுக்கிறா. வணக்கம், ஸலாம் எதுவும் கிடையாது.

“இண்டைக்கு ஒவ்வொருத்தர்ட கையாத் தொட்டுப் பார்த்தாங்க” என்பா. வைத்துவிடுவா.

போன கிழமை எடுத்தபோது மூச்சு வாங்கியது.

“கேளுங்க ஜெசீமா. மூலைக் கட்டில்ல ஒரு கிழவி. கை வீங்கி, பேசாமக் கிடக்கு. மெஷின் ஓடுது. மிஸி டெலிபோன்ல. கத்தினன் கா. வார்டே எழும்பிற மாதிரிக் கத்தினன்.”

“கழட்டினாங்களா?”

“ஓம்” என்றா. “கழட்டினாங்க. என்னை வெளிய போகச் சொல்லிட்டாங்க.”

“போனீங்களா?”

“கழட்டின பிறகுதான் போனன்.”